முன்னால் உட்கார்ந்த சனிக்கிழமை

கட்டைவிரல் மட்டும் போதும் டீச்சர், மத்த விரலெல்லாம் சும்மா பிடிச்சிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வழிகாட்டி ஆரோக்கியம் தன் வண்டியில் ஏறி எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார், கட்டைவிரல் போதுமாம், இருபத்தொன்பது வருஷத்தில் இந்தக் கட்டைவிரல் என்ன கிழித்தது, சாக்பீஸைப் பிடித்தது, விடைத்தாளைப் புரட்டியது, எட்டாம் வகுப்புப் பையன்களின் காதைத் திருகும்போது ஆள்காட்டி விரலுக்குத் துணை போனது, இப்போது கைப்பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கறுப்புக் கட்டையை அழுத்தினால் முந்நூறு கிலோ இரும்பு நகரும் என்கிறார்கள். நாலு சக்கர பைக், சாயாது, கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கென்றே உள்ளது, ஒரு மணி நேரம், தேயிலைக்குள்ளே புகுந்து ஓடையைத் தாண்டிப் புல்மேட்டில் ஏறி இரண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம், கூடவே வழிகாட்டி வருவார் என்று பெங்களூரிலிருந்து மகள் சுகந்திதான் போனிலேயே பதிவு செய்தாள், கல்யாண நாளுக்கு அவளுடைய பரிசாம், அப்பா ஓட்டட்டும்மா, நீங்க பின்னாடி உக்காந்து வேடிக்கை பாருங்க என்றாள். அப்பா ஓட்டத்தான் வந்தார், தாராபுரத்திலிருந்து மூணாறு வரைக்கும் பஸ்ஸில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார், ஜீப்பே ஓட்டியிருக்கேன் இது என்ன பொம்மை வண்டி என்று முன்சீட்டில் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தும் விட்டார், ஆரோக்கியம் மட்டும் அவர் ஹெல்மெட் மாட்டத் தவித்ததைக் கவனித்து, சார் அந்த வலது கையைக் கொஞ்சம் தூக்குங்க என்றார், கை மார்பு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை, ஆறு மாதமாக இறுகிப்போன தோள்பட்டை, எண்ணெயும் ஒத்தடமும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கையை வெச்சுட்டு இறக்கத்துல திருப்ப முடியாது சார், டீச்சர் முன்னால வரட்டும் என்றார் ஆரோக்கியம், ஏதோ பந்தியில் இலை மாற்றிப் போடுவது மாதிரி சாதாரணமாக. அவர் இறங்கினார், நான் ஏறினேன், அவர் எனக்குப் பின்னால் ஏறினார், எங்கள் இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவர் என் முதுகைப் பார்த்து உட்கார்வது இதுதான் முதல் தடவை.

அழுத்து பூங்கொடி, அழுத்து என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினேன், ஐயோ நகர்கிறது, நான் நகர்த்துகிறேன், பழைய டயர்களை வட்டமாக அடுக்கி வைத்த மைதானத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, ஹெல்மெட்டுக்குள் யாரோ ஒருத்தருடைய தேங்காயெண்ணெய் வாசம், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, நான் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் தானாக நின்றுவிடுமாம், என்ன ஒரு ஏற்பாடு, மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம். மெதுவா, மெதுவா, ஏம்புள்ள இவ்வளவு வேகம் என்கிறார் பின்னால் இருந்து, வேகமே இல்லை, பக்கத்தில் நடந்து வரும் ஆரோக்கியத்தின் நாய் எங்களை முந்திக்கொண்டு போகிறது. நாளை மறுநாள் திங்கட்கிழமை, திருப்பூரில் கலந்தாய்வு, தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பதினேழாவது, காலியாக இருக்கும் பள்ளிகளில் என் முறை வரும்போது மிஞ்சப்போவது கருக்கம்பட்டி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், வீட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் மாதிரி இந்தத் தோளோடு இவர் தினமும் கொண்டுபோய் விடக்கூடிய தூரமில்லை, காலையில் ஆறரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் பத்தே முக்காலுக்கு. இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், குடும்பச் சூழ்நிலை காரணமாக, அந்த வரியை நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், முதல் தடவை சுகந்தி பிளஸ் டூ, அடுத்த தடவை மாமியார் படுக்கையில், ஒரு தடவை கொடுத்தால் மூன்று வருஷத்துக்குப் பெயர் வராது. இப்போது எனக்கு ஐம்பத்தாறு, இந்த முறையும் கொடுத்தால் அப்புறம் ஐம்பத்தொன்பதில் வந்து என்ன, மாலை போட்டு வழியனுப்பத்தான் சரியாக இருக்கும், இதுதான் கடைசி. மூன்றாவது கடிதத்தை இவரே எழுதி வைத்துவிட்டார், மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பேரேடு எழுதிய அழகான கையெழுத்து, டி.வி.க்கு முன்னால் கண்ணாடி டம்ளரை வைத்துப் பறக்காமல் அமுக்கி வைத்திருக்கிறார், நான் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மைதானத்தை விட்டு வெளியே வந்தாயிற்று, ஆரோக்கியம் கையைத் தூக்கி வாங்க என்கிறார், செம்மண் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை, வெட்டி விட்ட மாதிரி என்று நினைத்தேன், வெட்டித்தானே விடுகிறார்கள், மக்கு, ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறுகிறது, நான் சீட்டிலிருந்து எழும்பி விழுகிறேன், பல்லோடு பல் இடிக்கிறது, சிரிப்பு வருகிறது, அட என்ன இது, சத்தமாகவே சிரிக்கிறேன். எதுக்குச் சிரிக்கற, ரோட்டைப் பாரு, கல்லு கிடக்குது பாரு, இடது பக்கம், இடது பக்கங்கறேன் என்கிறார் குழந்தைவேலு, என் வீட்டுக்காரர், பேரைச் சொன்னால் என்ன, மனசுக்குள்தானே சொல்கிறேன். குழந்தைவேலு எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார், இல்லை என்று சொல்ல மாட்டேன், கல்யாணமான இரண்டாம் வருஷம், சின்ன மொபெட், கோவில் மைதானம், பிரேக்கைப் பிடி என்று அவர் கத்தியபோது நான் பிடித்தது ஆக்ஸிலேட்டரை, நேராகப் போய் ஆட்டுப்பட்டித் தட்டியைச் சாய்த்துக்கொண்டு நாலு ஆடுகளுக்கு நடுவில் நின்றேன், ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு மூங்கில் தட்டி போனது, அவ்வளவுதான். அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பொங்கலுக்கு, சீருக்கு, காதுகுத்துக்கு, யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் எங்க பூங்கொடி வண்டி எடுத்தா ஊர்ல ஆடே மிஞ்சாது என்று ஆரம்பித்துவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், சிரித்துச் சிரித்தே நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு ஆத்திரம், அவர் சொன்னது இல்லை, நான் நம்பினது. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் ஒரு பக்கமாக உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்து, சாப்பாட்டுப் பையைத் தொடையில் வைத்து, அவர் கொண்டுபோய் விட்டால் பள்ளிக்கூடம், அவர் வந்து கூட்டிப்போனால் வீடு. மழையோ காய்ச்சலோ ஒரு நாள் தப்பியதில்லை, அதையும் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களெல்லாம் உங்க சார் மாதிரி வருமா என்பார்கள்.

பாதை இரண்டாகப் பிரிகிறது, ஆரோக்கியம் வலது பக்கம் மேட்டில் ஏறுகிறார், ஏறுங்க, கட்டைவிரலை விடாம அழுத்துங்க, உடம்பை முன்னால சாச்சுக்கங்க என்று சொல்லியிருக்கிறார், சாய்ந்தேன், திருப்பினேன், ஏறுகிறது, ஏறுகிறது, பாதி மேட்டில் வண்டி சடாரென்று மூச்சுவிட்டு நின்று பின்னால் வழுக்க ஆரம்பிக்கிறது, என்ன ஆச்சு, நான் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்தால் என் வலது கை கைப்பிடியில் இல்லை, காற்றில் இருக்கிறது, தோளுக்கு நேராக, விரல்களைச் சேர்த்துக்கொண்டு, வலது பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டு. பிரேக், இடது கை, இடது கை, பிடித்துவிட்டேன், நின்றுவிட்டது. இருபத்தேழு வருஷமாக அவர் திரும்பினால் நான்தானே கை காட்டுவேன், அவர் வண்டியில் இண்டிகேட்டர் எரிந்தாலும் சரி எரியாவிட்டாலும் சரி, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிதான் கை காட்ட வேண்டும், தாராபுரத்தில் அது எழுதாத சட்டம், திரும்பிப் பார்த்து, லாரி வரவில்லை என்று சொல்லி, கையை நீட்டி, அந்தக் கை இங்கே இந்த மலையில், முன்னும் பின்னும் ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், யாரைக் கேட்டு நீண்டது. எதுக்கு டீச்சர் கையை விட்டீங்க என்று ஆரோக்கியம் மேலே இருந்து கத்துகிறார், நான் எப்படிச் சொல்வேன், பின்னால் இருந்து இவர், ஏம்புள்ள, நீ முன்னால உக்காந்துட்டு நீயே கை காட்டுவியா, பின்னால நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன் என்கிறார், கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது. அப்ப நீங்க காட்டியிருக்கோணுமுங்க என்றேன். காட்டலாம், கை தூக்கினாத்தானே என்றார். இரண்டு பேரும் பாதி மேட்டில் வண்டியைப் பிரேக்கில் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், ஆரோக்கியம் இறங்கி வந்து எங்களைப் பார்த்த பார்வையில் ரெண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், இப்ப மறுபடி கட்டைவிரல் டீச்சர், கை அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார், ஏறிவிட்டேன், ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.

இது ஓடை, முழங்கால் அளவு தண்ணீர், கூழாங்கல், நிறுத்தாமப் போங்க, நடுவுல நின்னாத்தான் கஷ்டம் என்றார், நிறுத்தவில்லை, தண்ணீர் இரண்டு பக்கமும் அடித்து எழும்பி என் சுடிதாரை நனைத்து வாய்க்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது, ஐஸ், குளிர்ந்து பல்லைக் கூச வைக்கிறது, எனக்கு இன்னும் ஒரு ஓடை வேண்டும் போல இருக்கிறது, பக்கத்திலேயே ஒன்று இருக்கக்கூடாதா. தேயிலை முடிந்து புல்மேடு, அப்புறம் திடீரென்று மண் முடிந்து ஆகாயம், முதல் பள்ளத்தாக்கு, கீழே எங்கேயோ ஒரு வெள்ளைச் சர்ச், நூல் மாதிரி ரோடு, அதில் ஊர்கிற பஸ், மேகத்தின் நிழல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போகிறது, நான் வண்டியை நிறுத்தவில்லை, விளிம்பிலிருந்து நல்ல தூரத்தில் ஆரோக்கியத்தின் சக்கரத் தடத்திலேயே போய்க்கொண்டு இதையெல்லாம் பார்க்கிறேன், ஓட்டிக்கொண்டே பார்ப்பது வேறு, இதற்கு முன்னால் நான் பார்த்த ஊரெல்லாம் பக்கவாட்டில்தான் ஓடியிருக்கிறது, கடைப் பலகை, சுவர், வேலி, மாட்டு வால், முன்னால் எப்போதும் அவருடைய சட்டை, நீலக்கோடு, பழுப்புக்கோடு, முழங்கையில் கிழிந்து தைத்தது. முன்னால் இவ்வளவு இருந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு நிலைமம் நடத்துவேன், ஓய்வில் இருக்கும் பொருள் வெளியிலிருந்து ஒரு விசை வரும் வரை ஓய்விலேயே இருக்கும், பஸ் திடீரென்று கிளம்பினால் நின்றிருப்பவர் ஏன் பின்னால் சாய்கிறார், சொல்லுங்க பார்க்கலாம், வருஷத்துக்கு மூன்று பிரிவு, இருபத்தொன்பது வருஷம், ஒரு தடவையாவது அந்தப் பொருள் யார் என்று யோசித்தேனா. பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை, கருக்கம்பட்டிப் பாதையில் கல் குவாரி லாரிகள், ஆடி மாதத்துக் காற்று, நாய்கள், ஐம்பத்தாறு வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தால் எலும்பு கூடாது, இதெல்லாம் இவர் சொன்ன பட்டியல், ஒன்றுகூடப் பொய்யில்லை, அதனால்தான் எனக்குப் பதில் வந்ததில்லை. எத்தனை டீச்சர்கள் அந்த வழியில் தினமும் போகிறார்கள் என்று சொல்லலாம், விழுந்தவர்கள் பெயரைத்தான் அவர் வைத்திருப்பார். இப்போது என் கட்டைவிரல் வலிக்கிறது, இனிப்பாக வலிக்கிறது, கத்த வேண்டும் போலிருக்கிறது, கத்திவிட்டேன், வார்த்தை ஒன்றுமில்லை, வெறும் சத்தம், பின்னால் இருப்பவர் பதறி என்னாச்சு என்கிறார், ஒண்ணுமில்லீங்க, சந்தோஷமா இருக்குதுங்க என்றேன். கொஞ்ச நேரமாகவே அவர் கல்லு, பள்ளம், இடது, வலது எதுவும் சொல்வதில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது பள்ளத்தாக்குக்கு இறங்கும் இடத்தில் ஆரோக்கியம் நிறுத்தி இறங்கி வருகிறார், இது கொஞ்சம் செங்குத்து டீச்சர், பின்னால சாஞ்சுக்கங்க, கட்டைவிரலை விட்டுருங்க, ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் புடிச்சா அது பாட்டுக்கு இறங்கும், ரெண்டு பேரும் உக்காந்தே இறங்கலாம், ஆனா சார் அந்தக் கையால கம்பியைப் புடிச்சிருக்க முடியுமா என்று கேட்கிறார். எட்டிப் பார்க்கிறேன், பள்ளிக்கூட மாடிப்படியைச் சாய்த்து வைத்து மண் போட்ட மாதிரி இருக்கிறது. நான் இறங்கி நடந்து வந்தர்றேன் என்கிறார் இவர், இறங்கியும் விட்டார், ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் வேர்வை, எனக்குச் சட்டென்று புரிகிறது, மனுஷன் பயந்திருக்கிறார், மேட்டிலிருந்தே பயந்துகொண்டுதான் வந்திருக்கிறார், பின்சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று இந்த அறுபத்திரண்டு வயதில்தான் தெரிகிறது. நீயும் இறங்கிக்க, அவரே ஓட்டிட்டு வரட்டும், இதெல்லாம் நமக்கு எதுக்கு என்கிறார். நமக்கு என்கிறார். நான் ஆரோக்கியத்தைப் பார்க்கிறேன், அவர் தோளைக் குலுக்குகிறார், உங்க இஷ்டம் டீச்சர், என்கிட்டக் கேட்டா நீங்க இறக்கிருவீங்க என்கிறார். நான் ஓட்டறனுங்க, நீங்க பாத்து வாங்க என்றேன், குரல் கொஞ்சம் நடுங்கியது, நடுங்கினால் என்ன, சொன்னேனா இல்லையா, ஆரோக்கியம் முதலில் தன் வண்டியை இறக்கிக் கீழே போய் நிற்கிறார். பின்னால் யாரும் இல்லாத வண்டி எவ்வளவு லேசாக இருக்கிறது, இந்த எண்ணம் வந்தவுடன் வெட்கமாகவும் இருக்கிறது, விடு, அப்புறம் வெட்கப்படலாம், மூக்கு கீழே போகிறது, உலகமே கீழே போகிறது, பின்னால் சாய், பிரேக், விடு, பிரேக், விடு, ஒரு கல் உருண்டு எனக்கு முன்னால் ஓடுகிறது, முன்சக்கரம் வலது பக்கம் வழுக்க, நான் திருப்ப, அது கேட்கிறது, நான் சொன்னால் கேட்கிறது, அம்மாடி, முக்கால்வாசி வந்தாயிற்று, இன்னும் ஒரு வளைவு, சமதரை, புல், நின்றுவிட்டேன். சூப்பர் டீச்சர் என்கிறார் ஆரோக்கியம், தினம் பத்துப் பேரிடம் சொல்வாராக இருக்கும், எனக்கு அது பரவாயில்லை, மாநில நல்லாசிரியர் விருதே கொடுத்த மாதிரி நெஞ்சு விம்முகிறது.

இவர் வந்துகொண்டிருக்கிறார், மேலே சின்னதாக, ஒரு கை உடம்போடு ஒட்டியிருக்க மறு கையால் புல்லைப் பிடித்துப் பிடித்து, பக்கவாட்டில் அடி வைத்து, ஆரோக்கியம் உதவிக்குப் போனதற்கு வேண்டாம் என்று தலையாட்டுகிறார், அதுவும் அவர் குணம். நான் இன்ஜினை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குள் ஒன்று தீர்மானமாகிவிட்டது, எப்போது ஆனதென்று தெரியவில்லை, ஓடையிலா இறக்கத்திலா, இவர் வந்து சேர்வதற்குள் சொல்லும் வார்த்தைகளை அடுக்குகிறேன், லாரிக்கு இந்தப் பதில், நாய்க்கு இந்தப் பதில், எலும்புக்கு இந்தப் பதில், இரண்டு மாதம் பழகிக்கொள்வேன், லைசென்ஸ் எடுப்பேன், ஹெல்மெட் போடுவேன், மழை என்றால் ஆறரை பஸ்ஸில் போய்ப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பேன், ஒன்றுக்கும் பின்வாங்கக் கூடாது பூங்கொடி. வந்துவிட்டார், கால்சட்டை முழங்கால் வரை சேறு, ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், தண்ணீர் கொடுத்தேன், குடித்து முடிக்கக்கூட விடவில்லை, திங்கட்கிழமை நான் கருக்கம்பட்டியை எடுத்துக்கறனுங்க, கடிதம் கொடுக்கப் போறதில்லை, ஸ்கூட்டர் வாங்கி நானே போய்க்கறேன் என்று ஒரே வரியாகச் சொல்லிவிட்டேன். லாரி என்பார் என்று காத்திருக்கிறேன். அவர் பாட்டிலை மூடினார், மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், நீ ஓட்டிருவ, மேல நின்னு பாத்தனே, ஓட்டிருவ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷம் பொங்கி வாய்க்கு வரும் நேரத்தில் அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு, அப்பறம் தினமும் காத்தால நான் என்ன பண்ணுவேன் பூங்கொடி என்றார். லாரிக்கு அடுக்கி வைத்திருந்தேன், நாய்க்கு, எலும்புக்கு, மழைக்கு எல்லாம் வைத்திருந்தேன், இதற்கு இல்லை, ரிட்டயர் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்துவதெல்லாம் எனக்காக என்றே நினைத்திருக்கிறேன், பாவி, ஒரு நாள் கேட்டிருக்கலாம், அவராவது சொல்லியிருக்கலாம். வண்டியை இறக்கின சந்தோஷமும் இன்னும் போகவில்லை, அதுதான் கொடுமை. ஒரு நிமிஷம் பழைய பூங்கொடி உள்ளே எழுந்து, சரிங்க, விடுங்க, கடிதத்தையே கொடுத்துடலாம் என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தாள். அவர் பக்கத்தில் போய்ப் பாறையில் உட்கார்ந்து, வலிக்காத தோளில் கை வைத்தேன். எனக்குத் தெரியலீங்க என்றேன், நிஜமாலுமே தெரியல, ஆனா நான் போறனுங்க.